புயல் கரை கடந்த பிறகு மலையில் என்ன நடக்கிறது? மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி இலங்கைக்கு வந்து போனதிலிருந்து, வானம் கொஞ்சம் கறுத்தாலே எங்கள் பக்கம் கேள்விகள் ஆரம்பித்துவிடுகின்றன. நான் நுவரெலியா மாவட்டத்து இராகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். அதே தோட்டத்து மேட்டு லயத்தில், அதாவது தொழிலாளர்களுக்குக் கட்டிய வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவள். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பிரட்டுக்களத்தில், கொழுந்து நிறுக்கும் மடுவத்தில், பெற்றோர் கூட்டத்தில் என்று திரும்பத் திரும்ப என்னிடம் கேட்கப்பட்டவற்றைக் குறித்து வைத்து, தேடிப் படித்து, தெரிந்தவர்களிடம் விசாரித்து எழுதிய பதில்கள் இவை. லயத்தில் இருப்பவர்களை மனதில் வைத்தே எழுதியிருக்கிறேன். சரிவில் வீடு கட்டியிருக்கும் எல்லோருக்கும் இது பொருந்தும்.

புயல் கடற்கரையில்தானே அடிக்கும்? இவ்வளவு உயரத்தில் இருக்கும் நாங்கள் ஏன் பயப்பட வேண்டும்?

கரையோரத்து மக்களைக் காற்றும் கடலும் அடிக்கும். நம்மை அடிப்பது மழையும், மழையில் ஊறி இளகிய மண்ணும். டித்வாவில் நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். ஆகக் கூடுதலான உயிர்கள் போனது கண்டி மாவட்டத்தில். அடுத்து பதுளை, நுவரெலியா என்று மலை மாவட்டங்கள்தான். அவர்களில் பெரும்பகுதியினரைக் கொண்டுபோனது மண்சரிவு.

'சூறாவளி நாட்டை விட்டு விலகுகிறது' என்று செய்தியில் சொன்னபோது எங்கள் லயத்துக்குப் பின்னால் இருந்த மண்மேடு இன்னும் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. கரை கடந்துவிட்டது, விலகிவிட்டது என்பதெல்லாம் மீன்பிடிக்கப் போகிறவருக்கான செய்தி. மலையில் இருப்பவருக்கு அதற்குப் பிறகும் இரண்டு மூன்று நாள் பாக்கி இருக்கிறது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் என்றால், இதையே படியுங்கள்.

தாழமுக்கம், சூறாவளி, புயல் எல்லாம் ஒன்றா?

சூறாவளி, புயல் இரண்டும் ஒன்றே. இலங்கைச் செய்தியில் சூறாவளி என்பார்கள், தமிழ்நாட்டுத் தொலைக்காட்சியில் புயல் என்பார்கள். தாழமுக்கம் என்பது அதற்கு முந்தைய நிலை. வங்காள விரிகுடாவில் காற்றின் வேகத்தை வைத்து இதைப் பிரிக்கிறார்கள். மணிக்கு 31 கிலோமீட்டருக்கு மேல் சுழன்றால் தாழமுக்கம், 50ஐத் தாண்டினால் ஆழ்ந்த தாழமுக்கம், 62ஐத் தொட்டால் சூறாவளி என்று பெயர் வைக்கிறார்கள். 89க்கு மேல் போனால் கடும் சூறாவளி.

இந்தப் படிநிலை முழுக்கக் காற்றைப் பற்றியது என்பதைக் கவனியுங்கள். எவ்வளவு மழை கொட்டும் என்று அது சொல்லாது. 'வெறும் தாழமுக்கம்தானே' என்று அலட்சியமாக இருந்துவிட முடியாது. 2016 மே மாதம் பிறகு ரோனு என்று பெயர் பெற்ற புயல், இலங்கைக்குப் பக்கத்தில் இருந்தபோது தாழமுக்கமாகத்தான் இருந்தது. நம் கரையை அது தொடவே இல்லை, கடைசியில் பங்களாதேஷில் போய்க் கரை ஏறியது. ஆனால் அது கொட்டிய மழையில், மே 17ஆம் திகதி, கேகாலை மாவட்டம் அரநாயக்கவில் மலை சரிந்து ஊரே புதைந்தது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியதற்கோ புயல் என்று எதுவுமே தேவைப்படவில்லை. பருவமழையே போதுமாக இருந்தது.

டித்வா பலமான புயலா?

காற்றை வைத்துப் பார்த்தால் இல்லை. சூறாவளி வகையில் ஆக அடிப்படியில் இருந்தது. 1978 நவம்பர் 23ஆம் திகதி மட்டக்களப்பை அடித்த சூறாவளியோடு ஒப்பிட்டால் காற்று மிகவும் குறைவு. அந்தச் சூறாவளி தென்னந்தோப்புகளைச் சாய்த்து, ஏறத்தாழ ஆயிரம் பேரைப் பலி கொண்டது. கிழக்கில் பெரியவர்கள் இன்றைக்கும் அதை வைத்துத்தான் வருஷக் கணக்குச் சொல்வார்கள்.

டித்வாவின் பலம் அதன் நிதானத்தில் இருந்தது. ஓடிப்போகாமல் கிழக்குக் கரையை ஒட்டி மெதுவாக நகர்ந்தது. ஒரே மலைக்கு மேல் ஒரே மேகக்கூட்டம் நாள் கணக்கில் நின்றது. சில இடங்களில் 24 மணி நேரத்தில் 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரேவி வடகிழக்கில் கரை ஏறிப் போனபோது மலையகத்தில் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. 'போன தடவையும் இப்படித்தான் பயமுறுத்தினார்கள்' என்று 2025இல் எங்கள் லயத்தில் சிலர் சொன்னது அந்த நினைவில்தான். நானும் அதை நம்பினேன்.

தரை ஏறியதும் புயல் செத்துவிடும் என்று படித்தோமே?

காற்று அடங்கிவிடும், அது உண்மை. புயலுக்கு விறகு கடல். ஏறத்தாழ 26, 27 பாகைக்கு மேல் சூடான கடல்நீர் ஆவியாகி மேலே போய், அங்கே குளிர்ந்து மழைத்துளி ஆகும்போது வெப்பத்தை வெளிவிடுகிறது. அந்த வெப்பம்தான் சுழலை ஓட்டுகிறது. தரைக்கு வந்ததும் விறகு நின்றுபோகும். மரமும் மேடும் கட்டடமும் உரசிக் காற்றின் வேகத்தைக் குறைக்கும். ஆனால் அடுப்பில் விறகை இழுத்துவிட்டாலும் அண்டாவில் உள்ள தண்ணீர் உடனே ஆறிவிடாது. புயல் கடலிலிருந்து அள்ளி வந்த ஈரம் மேகத்தில் அப்படியே இருக்கிறது. அது எங்காவது இறங்கியாக வேண்டும்.

அது ஏன் மலையில் வந்து இறங்குகிறது?

மட்டக்களப்பில் வேர்த்து விறுவிறுத்து பஸ் ஏறுகிறவர் நுவரெலியாவில் இறங்கும்போது சுவெட்டர் தேடுவார். ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் உயரத்துக்கும் ஏறத்தாழ ஆறு பாகை குளிர்கிறது. நுவரெலியா 1868 மீட்டர், பிதுருதலாகலை 2524 மீட்டர். சமவெளியில் தடையின்றி வரும் ஈரக்காற்று மலையில் முட்டியதும் மேலே ஏறுவதைத் தவிர வழியில்லை. ஏற ஏறக் குளிர்ந்து தண்ணீரை வைத்திருக்க முடியாமல் கொட்டிவிடும்.

சாதாரண காலத்தில் இதற்கு ஒரு முறை உண்டு. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் வட்டவளை, கினிகத்தேனை, நோர்வூட் பக்கம் நனையும். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகிழக்குக் காற்றில் வலப்பனை, ஊவா, நக்கிள்ஸ் மலையின் கிழக்குப் பக்கம் நனையும். ஒரு பக்கம் மழை என்றால் மறுபக்கம் கொஞ்சம் மூச்சு விடலாம். புயலுக்கு இந்த முறை கிடையாது. நம் பக்கத்துப் புயல் கடிகார முள்ளுக்கு எதிராகச் சுழல்கிறது. நடுப்பகுதி கிழக்குக் கரைக்கு வெளியே இருக்கும்போது மலைக்கு வடக்கிலிருந்து காற்று வரும். அது திருகோணமலைப் பக்கம் மேலேறிப் போகும்போது மேற்கிலிருந்து வரும். புயல் நகர நகர மலையின் ஒவ்வொரு முகமும் முறை வைத்து நனைகிறது. 'எங்கள் பக்கம் கார்த்திகை மழை வராது' என்ற பழைய அனுபவத்தை அன்றைக்கு நம்பக் கூடாது.

எந்த மாதங்களில் கவனமாக இருக்க வேண்டும்?

நவம்பர், டிசம்பர் முதலாவது. அடுத்து மே. இலங்கை வட அகலாங்கு 6 முதல் 10 பாகைக்குள் இருப்பதால் பூமியின் சுழற்சி தரும் திருகுவிசை இங்கே குறைவு. அதனால் பெரும்பாலான புயல்கள் நமக்கு வடக்கே போய்விடும். நேராக நம்மேல் ஏறுபவை குறைவு. பக்கத்தில் போவதே போதும் என்பதை அரநாயக்க காட்டிவிட்டது.

பெயர் யார் வைக்கிறார்கள்?

வட இந்து சமுத்திரத்தைச் சேர்ந்த 13 நாடுகள் முன்கூட்டியே கொடுத்த பட்டியலிலிருந்து புதுடில்லியில் உள்ள மையம் வரிசைப்படி எடுக்கிறது. டித்வா யெமன் கொடுத்த பெயர், சொகோத்ரா தீவில் உள்ள ஒரு கடல்நீரேரியின் பெயர் அது.

எவ்வளவு மழை பெய்தால் ஆபத்து? வீட்டிலேயே அளக்க முடியுமா?

முடியும், கட்டாயம் அளக்க வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்கு வைத்திருக்கும் கணக்கு இது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டரைத் தாண்டினால் மஞ்சள், அவதானமாக இருக்க வேண்டும். 100ஐத் தாண்டினால் செம்மஞ்சள், வெளியேறத் தயாராக வேண்டும். 150ஐத் தாண்டினால், அல்லது ஒரே மணி நேரத்தில் 75 கொட்டினால், சிவப்பு. உடனே வெளியேற வேண்டும். டித்வாவில் சில இடங்களில் பெய்தது இந்தச் சிவப்புக் கோட்டைப் போல இரண்டு மடங்கு.

150 மில்லிமீட்டர் என்றால் கேட்க ஏதோ சின்ன அளவு போலத் தெரியும், அடிமட்டத்தில் வெறும் 15 சென்டிமீட்டர்தானே. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லீட்டர் தண்ணீர். 7 பேர்ச்சஸ் காணி ஏறத்தாழ 177 சதுர மீட்டர். அதன்மேல் 150 மில்லிமீட்டர் விழுந்தால் 26,500 லீட்டருக்கு மேல். ஒரு ஏக்கர் தேயிலை மலைக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 600 தொன் தண்ணீர் வரும். உங்கள் வீட்டுக்கு மேலே எத்தனை ஏக்கர் இருக்கிறது?

அளக்க ஒரு காலிப் பால்மா டின் போதும். அடி தட்டையாக, பக்கம் நேராக, மேலும் கீழும் ஒரே அகலமாக இருக்க வேண்டும். உள்ளே அடிமட்டத்தை வைத்து 7.5, 10, 15 சென்டிமீட்டரில் ஆணியால் கீறிக் கொள்ளுங்கள். டின் அவ்வளவு உயரம் இல்லையென்றால் 10இல் அளந்து ஊற்றிவிட்டு மறுபடி வையுங்கள். கூரைத் தகரத்துக்குக் கீழே வைக்காதீர்கள், கூரைத்தண்ணீர் சேர்ந்து கணக்கைக் கெடுத்துவிடும். மரத்தடியும் ஆகாது. வெளியில், காற்றில் கவிழாதபடி இரண்டு கல்லை அண்டை கொடுத்து வையுங்கள். தினமும் காலை 8.30க்குப் பார்த்து எழுதிவிட்டு ஊற்றிவிடுங்கள். கடும் மழை நாளில் காலை வரை காத்திருக்க வேண்டாம். மூன்று மணிக்கொரு தடவை டோர்ச் அடித்துப் பாருங்கள். ராத்திரி பத்து மணிக்கே 10 சென்டிமீட்டர் நிறைந்துவிட்டது என்றால் உங்களுக்கு யாரும் வந்து சொல்லத் தேவையில்லை.

ஒரு விஷயம். இந்த அளவுகள் பொதுவானவை. நாலு நாளாக விடாமல் தூறி மண் ஏற்கெனவே ஊறியிருந்தால், அல்லது உங்கள் சரிவு முன்பே வெடித்திருந்தால், 75இலேயே கிளம்புங்கள்.

நூறு வருஷமாக நின்ற லயம். இப்போது மட்டும் ஏன் சரிகிறது?

பெரியவர்கள் இதைத்தான் அதிகம் கேட்கிறார்கள். அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது.

நம் மலைகளில் அடியில் பழைய பாறை, மேலே அது உக்கி உண்டான மண். மழை கொஞ்சமாகப் பெய்யும்போது மண்துகள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும். நிறையப் பெய்தால் இடைவெளியெல்லாம் தண்ணீர் நிரம்பி, துகள்களை ஒன்றிலிருந்து ஒன்று தள்ளும். பிடிமானம் குறைகிறது, கூடவே பாரம் ஏறுகிறது. பாறையும் மண்ணும் சேரும் இடத்தில் தண்ணீர் வழுக்கலாக ஓடத் தொடங்கினால் மேலே உள்ளது முழுவதும் ஒரே தடவையில் இறங்கும்.

இது இயற்கை. இதோடு நாம் சேர்த்ததும் இருக்கிறது. லயம் கட்ட மலையை வெட்டித் தட்டையாக்கினார்கள். பின்னால் செங்குத்தாக ஒரு மண்சுவர் நின்றது. அதன் மேலே தேயிலை, நடுவில் தண்ணீர் வடிய கான். எங்கள் தாத்தா காலத்தில் கான் வெட்டுவதற்கென்றே ஆள் இருந்தார்கள். மழைக்கு முன் ஒவ்வொரு மலையிலும் கான் துப்புரவாகும். இன்று பல மலைகளில் கான் எங்கே இருந்தது என்றே தெரியாதபடி தூர்ந்து கிடக்கிறது. வடிய வழியில்லாத தண்ணீர் மண்ணுக்குள் இறங்குகிறது. கவ்வாத்து வெட்டிய மலை வெறுமையாக நிற்கும் காலத்தில் பெருமழை வந்தால் இன்னும் மோசம். புதிதாகப் பாதை போட அடிவாரத்தை வெட்டுவதும், குடும்பம் பெருகப் பெருக லயத்தின் பின்னால் சமையலறைக்காக இன்னும் இரண்டு அடி தோண்டுவதும் அதே விளைவைத்தான் தருகின்றன.

ஆனால் அந்தப் பின்சுவரைத் தோண்டிய அம்மாவைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் மூன்று தலைமுறை வாழச் சொன்னால் எங்கே போவார்கள்? எந்தச் சரிவில் லயம் கட்டுவது என்று முடிவு செய்தபோது நம் ஆட்களை யாரும் கேட்கவில்லை. மீரியபெத்தையில் 2005இலும் 2011இலும் அது ஆபத்தான இடம் என்று எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை மட்டும் போதாது, போய் இருக்க ஒரு துண்டு நிலமும் வேண்டும். பாதுகாப்பான இடத்தில் சொந்தக் காணியும் வீடும் என்பதை நாம் சலுகையாகக் கேட்கவில்லை. உயிரோடு இருக்கக் கேட்கிறோம்.

மண் சரியப் போகிறது என்று முன்கூட்டியே தெரியுமா?

பல நேரம் தெரியும். எங்களுக்குத் தெரிந்த விதத்தைச் சொல்கிறேன்.

டித்வா மழை தொடங்கி இரண்டாம் நாள் மத்தியானம் அம்மாயி (அம்மாவின் அம்மா) வீட்டுக் காம்பராக் கதவு மூடவில்லை. மழைக்கு மரம் ஊதியிருக்கும் என்று மாமா வாச்சியை எடுத்துக் கீழ்ப்பக்கம் செதுக்கினார். மூடியது. இரண்டு மணி நேரத்தில் மறுபடி பிடித்தது, இந்தத் தடவை மேல்மூலையில். அப்போதுதான் எல்லோரும் குனிந்து பார்த்தோம். இஸ்தோப்புத் திண்ணைச் சிமெந்தில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மயிரிழை போல ஒரு வெடிப்பு. நான் பையிலிருந்த வெண்கட்டியால் வெடிப்புக்குக் குறுக்கே மூன்று கோடு போட்டேன். ஒரு மணி நேரம் கழித்து மூன்று கோடுமே நடுவில் பிரிந்திருந்தன. நாங்கள் தண்ணீர் பிடிக்கும் பீலியில் தண்ணீர் பால் டீ நிறத்தில் வந்தது. அதற்கு மேல் நாங்கள் யோசிக்கவில்லை. ஆறு மணிக்கு முன் லயம் முழுவதும் கோவிலுக்குப் போய்விட்டது. விடியற்காலையில் பின்மண்மேடு இறங்கி நாலு காம்பராக்களை மூடியது. அதில் அம்மாயி வீடும் ஒன்று.

மாமா கதவைச் செதுக்கிய அந்த இரண்டு மணி நேரத்தை நினைத்தால் இப்போதும் எனக்குக் கை நடுங்கும். கதவு, ஜன்னல் திடீரென்று பிடித்தால் மரத்தைச் சந்தேகிக்க வேண்டாம், நிலத்தைச் சந்தேகியுங்கள்.

வேறு அடையாளங்களும் உண்டு. நேராக நின்ற மரமோ மின்கம்பமோ சாய்வது. தண்ணீர் இல்லாத இடத்தில் புதிதாக ஊற்று பொங்குவது, அல்லது எப்போதும் வரும் ஊற்று நின்றுபோவது. தேயிலை மலையில் பிறை வடிவில் நிலம் வெடிப்பது. மேலேயிருந்து சின்னச் சின்னக் கற்கள் உருள்வது. கடும் மழையிலும் ஓடைத் தண்ணீர் சட்டென்று குறைந்தால் ஓடிவிடுங்கள். மேலே எங்கோ மண் அடைத்திருக்கிறது, அது உடைத்துக்கொண்டு வரும். நிலத்துக்குள் உறுமுவது போலச் சத்தம் கேட்டால் பொருள் எடுக்க உள்ளே போகக் கூடாது. ஓடையோடு கீழ்நோக்கி ஓடாமல் பக்கவாட்டில், மண் வரும் வழியை விட்டு விலகி ஓட வேண்டும்.

எச்சரிக்கையில் எங்கள் தோட்டத்தின் பெயரே வருவதில்லையே?

வராது. மண்சரிவு எச்சரிக்கை பிரதேச செயலகப் பிரிவின் பெயரில்தான் வரும். வலப்பனை, கொத்மலை, ஹங்குராங்கெத்த என்று சொல்வார்கள். உங்கள் வீடு எந்தப் பிரதேச செயலகப் பிரிவு, எந்தக் கிராம உத்தியோகத்தர் பிரிவு என்பதை வீட்டில் எல்லோரும் மனப்பாடம் பண்ணியிருக்க வேண்டும். வகுப்பில் கேட்டபோது முப்பது பிள்ளைகளில் நாலு பேருக்குத்தான் தெரிந்திருந்தது.

இன்னொரு பெரிய குறை மொழி. டித்வா நாட்களில் எங்கள் போனுக்கு வந்து சேர்ந்த ஓர் அவசர அறிவித்தல் சிங்களத்தில் மட்டும் இருந்தது. தமிழில் வந்தபோது மறுநாள் ஆகிவிட்டது. இதைப் பற்றி நாம் விடாமல் எழுதிக் கேட்க வேண்டும். அதுவரைக்கும், தோட்டத்து வட்ஸ்அப் குழுவில் சிங்களம் வாசிக்கத் தெரிந்த இரண்டு பேரைப் பொறுப்பாக வையுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. அம்புலன்ஸுக்கு 1990.

எப்போது கிளம்புவது? எங்கே போவது?

இருட்டுவதற்கு முன். ராத்திரியில் மழையில் சறுக்குப் படிக்கட்டில் வயதானவரையும் கைக்குழந்தையையும் இறக்குவது எவ்வளவு ஆபத்து என்று உங்களுக்கே தெரியும். 'இன்னும் கொஞ்சம் பார்ப்போம்' என்று சாயங்காலத்தைக் கடத்திவிடாதீர்கள்.

பள்ளிக்கூடம், கோவில், பிள்ளை மடுவம் (குழந்தைகள் காப்பகம்) எதுவானாலும் அது சரிவுக்குக் கீழே இல்லாததாக இருக்க வேண்டும். பல தோட்டங்களில் பள்ளிக்கூடமே மண்மேட்டுக்கு அடியில்தான் இருக்கிறது. மழையில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்து போய்ப் பார்த்து முடிவு பண்ணுங்கள்.

எடுக்க வேண்டியவை: அடையாள அட்டை, பிறப்புப் பதிவு, வங்கிப் புத்தகம், மருந்து, போன் சார்ஜர், டோர்ச், பிள்ளைகளுக்கு ஒரு மாற்றுடுப்பு. எங்கள் அம்மாயி இவற்றையெல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் பொலித்தீன் சுற்றி வைத்திருந்தார். 1948இல் குடியுரிமை பறிபோய், ஒரு கடதாசிக்காக வருஷக்கணக்கில் அலைந்த தலைமுறை அது. அவருக்கு அடுப்பைவிட அந்த டின் முக்கியம். அன்றைக்கு அவர் கையில் எடுத்தது அதை மட்டும்தான். பிறகு நிவாரணப் பதிவுக்குப் போனபோது எங்கள் லயத்தில் முதலில் வேலை முடிந்தது அவருக்குத்தான்.

ஆடு மாடு வைத்திருப்பவர்கள் அதற்காகவே வீட்டை விட்டு வர மறுப்பார்கள். கயிற்றை அவிழ்த்துவிட்டு வாருங்கள்.

மழை விட்டு வெயிலும் வந்துவிட்டது. வீட்டுக்குத் திரும்பலாமா?

உடனே வேண்டாம். மேலே விழுந்த தண்ணீர் மண்ணுக்குள் மெதுவாக இறங்கி அடிப்பாறைக்குப் போய்ச் சேர நேரம் எடுக்கும். வெயில் அடிக்கும்போதே சரிந்த இடங்கள் உண்டு. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் உத்தியோகத்தர்கள் வந்து பார்த்து, இருக்கலாம் என்று சொன்ன பிறகு போவதுதான் சரி. அவர்கள் வர நாளாகும், நூற்றுக்கணக்கான இடங்கள் காத்திருக்கும். கிராம உத்தியோகத்தரிடம் எழுத்தில் கொடுத்துப் பிரதி வைத்துக்கொள்ளுங்கள். பகலில் போய்ப் பொருள் எடுப்பதென்றால் ஒருவர் வெளியே நின்று மேட்டைப் பார்த்துக்கொண்டே இருக்கட்டும். இரவு தங்க வேண்டாம்.

அணைக்கட்டு உடையுமா? வான்கதவு திறந்தால் எங்களுக்கு என்ன?

உடைந்துவிட்டது என்று வரும் வதந்திகளை அனுப்பாதீர்கள், அது ஆயிரம் பேரை இருட்டில் ஓட வைக்கும். வான்கதவு திறப்பது வேறு, அது வழக்கமானது. மேல் கொத்மலை, கொத்மலை திறந்தால் மகாவலியில் தண்ணீர் ஏறும். காசல்ரீ, மவுஸ்ஸாகலை நிரம்பினால் களனி வழியே கொழும்புப் பக்கம் வரை போகும். ஆற்றங்கரையில் இருப்பவர்கள் சைரன் கேட்டதும் மேட்டுக்குப் போக வேண்டும். மகாவலி 335 கிலோமீட்டர் ஓடித் திருகோணமலையில் கடலில் சேர்கிறது. கிழக்குக் கடலிலிருந்து வந்து நம் மலையில் கொட்டிய தண்ணீரில் ஒரு பங்கு, கம்பளையையும் பேராதனையையும் நனைத்துவிட்டு மறுபடி அதே கடலுக்குப் போகிறது. வழியில் இருக்கும் எல்லோருக்கும் நம் மழை ஒரு செய்தி.

வேலையும் சம்பளமும் என்ன ஆகும்?

மலைக்கு வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய சம்பளத்துக்குப் பேர் விழாது, இதுதான் முதல் அடி. பாதை உடைந்தால் பறித்த கொழுந்தும் ஸ்டோருக்கு (தேயிலைத் தொழிற்சாலைக்கு) போய்ச் சேராமல் வாடிப்போகும். சரிந்த மலையில் மறுபடி தேயிலை வைத்து முழுதாகக் கொழுந்தெடுக்க வருஷங்கள் ஆகும். டித்வாவில் மலையக ரயில் பாதையும் பல இடங்களில் அறுந்தது. நுவரெலியா கரட்டும் லீக்ஸும் சந்தைக்குப் போகாமல் மரக்கறித் தோட்டக்காரர்கள் தலையில் கைவைத்தார்கள். அனர்த்த நாட்களுக்கு நாட்சம்பளம் உண்டா என்பதைத் தோட்டத்துக்குத் தோட்டம் வேறு வேறாகச் சொல்கிறார்கள். தொழிற்சங்கத் தலைவரிடம் மழைக்கு முன்பே கேட்டு வையுங்கள்.

தண்ணீர், காய்ச்சல்?

பீலியும் ஊற்றும் தெளிந்துவிட்டது போலத் தெரிந்தாலும் கொதிக்க வைத்தே குடியுங்கள், மேலே மலக்குழிகளும் சேர்ந்து கரைந்திருக்கும். சேறு வாரப் போகும்போது சப்பாத்து போடுங்கள். எலிக்காய்ச்சல் காலில் உள்ள சின்ன வெடிப்பு வழியாகவே ஏறும். காய்ச்சலோடு கெண்டைக்கால் தசைவலியும் கண்சிவப்பும் இருந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், சேற்றில் வேலை செய்ததைச் சொல்லுங்கள். தடுப்பு மாத்திரையைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொன்னால் மட்டும் எடுங்கள்.

வீடு சேதமானால் முதலில் என்ன செய்ய வேண்டும்?

துப்புரவு செய்வதற்கு முன் போட்டோ எடுங்கள். வெளியே நாலு பக்கமும், உள்ளே ஒவ்வொரு சுவரும். பிறகு கிராம உத்தியோகத்தரிடம் பதிவு, அங்கிருந்து பிரதேச செயலகம். லயக் காம்பரா உங்கள் பெயரில் இல்லை என்பதற்காகப் பதிவு செய்யாமல் விட்டுவிடாதீர்கள். ஒரே காம்பராவில் இரண்டு குடும்பம் இருந்தால் இரண்டையும் தனித்தனியாகப் பதியச் சொல்லுங்கள். இதை விட்டவர்கள் பிறகு கஷ்டப்பட்டார்கள்.

இனிமேல் அடிக்கடி இப்படி வருமா?

எத்தனை புயல் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் காற்று ஒரு பாகை சூடானால் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலான நீராவியைத் தாங்கும், இந்து சமுத்திரமும் சூடாகிக்கொண்டிருக்கிறது. வரும் புயல் முன்பைவிடக் கூடுதல் தண்ணீரோடு வரும் என்று எடுத்துக்கொண்டு கானையும் வீட்டையும் யோசிப்பதே புத்தி.

பிள்ளைகள் மழைச்சத்தம் கேட்டாலே பயப்படுகிறார்கள். என்ன செய்வது?

'ஒன்றும் ஆகாது' என்று சொல்லாதீர்கள். ஆனதை அவர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். என் வகுப்பில் ஒரு பிள்ளை, கூரைத் தகரத்தில் முதல் துளி விழுந்ததும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்க் கதவருகே நிற்பாள். உட்காரச் சொன்னால் அழுவாள். நான் கட்டாயப்படுத்தவில்லை. இரண்டு கிழமை கழித்து அவளிடம் பள்ளிக்கூடத்து மழை டின்னைக் கொடுத்தேன். மைதானத்து மூலையில் கல் அண்டை கொடுத்து அவளே வைத்தாள். தினமும் 8.30க்குப் போய்ப் பார்த்து, கரும்பலகையின் வலது மூலையில் எழுதுவது அவள் பொறுப்பு. மழை பெய்யும்போது இப்போதும் எழுந்து கதவுக்குத்தான் போகிறாள். ஆனால் பை மேசையிலேயே இருக்கிறது, கையில் அடிமட்டம். நேற்று 18 மில்லிமீட்டர்.